புதிய பூச்சுக் கரண்டியில் குறையா, கலவையில் குறையா? சுவரில் தெரியும் அறிகுறியைக் கொண்டு கண்டறியும் முறை

மதுரை திருநகரில் ஒரு வீட்டின் உட்பூச்சு நடந்துகொண்டிருந்தபோது, வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத ஓர் இளைஞர் பூசிய சுவரில் மட்டும் இரட்டைக் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. கை பழகவில்லை என்று சொல்லி, பூசியதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் பூசச் சொன்னேன்; இரண்டாம் முறையும் அதே கோடுகள் விழுந்தன. மாலையில் அவருடைய கரண்டியை வாங்கி நானே இழுத்துப் பார்த்தபோது, 26 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் என் கைக்கும் அந்தக் கோடு தவறாமல் விழுந்தது. அன்று காலையில் கடையிலிருந்து வந்த நான்கு புதிய கரண்டிகளில் மூன்று நன்றாக இருந்தன. தகடு குழிந்த நான்காவது அவர் கைக்குப் போயிருந்தது. கருவியின் குறைக்காக ஒரு தொழிலாளி எல்லார் முன்னிலையிலும் பேச்சு வாங்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அதன் பிறகு எந்தப் புதிய கரண்டியையும் சோதிக்காமல் நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.

இங்கே சொல்லப்படுவது நீள்சதுரத் தகடும், அதன் முதுகில் ஒரு பட்டையும், பட்டையின்மேல் கைப்பிடியும் கொண்ட, சுவரைத் தேய்த்து மழமழப்பாக்கும் கரண்டியைப் பற்றியே. கலவையை அள்ளி எறியும் கூர்முனைக் கரண்டிக்கும், பூச்சை மட்டமாக்கும் மரக்கட்டையான மணியாஸ் கட்டைக்கும் சோதனைகள் வேறு. புதிய கரண்டியின் குறைகளில் தேயத்தேயச் சரியாகிவிடுபவை உண்டு; எவ்வளவு தேய்ந்தாலும் சரியாகாதவையும் உண்டு. முதல் வகைக் குறைக்காகக் கடைக்காரரிடம் சண்டை போடுவது வீண். இரண்டாம் வகைக் குறையைப் பழகினால் போய்விடும் என்று பொறுத்துக்கொள்வது சுவரையும் மணிக்கட்டையும் சேர்த்துக் கெடுக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியோடும் அது எந்த வகை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

சுவரில் குறை தெரிந்தவுடன் கரண்டியைப் பழிக்க வேண்டாம். ஒரே சுவரில், ஒரே சட்டிக் கலவையில், ஒரே கையால், மூன்றடிச் சதுரம் பழைய கரண்டியாலும், அதை ஒட்டி இன்னொரு மூன்றடிச் சதுரம் புதிய கரண்டியாலும் தேய்த்துப் பாருங்கள். இரண்டிலும் குறை வந்தால் கலவையையோ சுவரையோதான் பார்க்க வேண்டும். சலிக்காத மணல், கல்லை உடைத்துப் பூச்சுக்கென்று பொடியாகச் சலித்த மணலான பி சாண்டுக்குப் பதிலாக வந்து இறங்கிவிட்ட, கான்கிரீட்டுக்குரிய பருத்த எம் சாண்ட், போதுமான அளவு நனைக்காத செங்கல், ஆடிக் காற்றில் கண்முன்னே காய்ந்துபோகும் மேற்பரப்பு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். (பூச்சு மணலுக்கென்றே ஐ.எஸ். 1542 என்ற தனித் தரக்குறியீடு இருக்கிறது. கட்டு வேலைக்கு நல்லதாக இருக்கும் மணல் பூச்சுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.)

புதிய கரண்டி தேய்த்த பக்கத்தில் மட்டும் குறை வந்தால், தகட்டின் ஒரு மூலையில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டு, கரண்டியை முனை மாற்றிப் பிடித்து முன்பு இழுத்த திசையிலேயே இழுங்கள். சுவரில் விழும் குறி, புள்ளி வைத்த பக்கத்தோடு சேர்ந்து இடம் மாறினால் குறை தகட்டில் இருக்கிறது. கரண்டி திரும்பிய பிறகும் குறி பழைய இடத்திலேயே விழுந்தால், கை ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்துகிறது என்று பொருள். இரண்டு விளிம்பிலும் ஒரே மாதிரி கோடு விழும்போது மட்டும் இந்தச் சோதனை விடை தராது. அதற்கு மட்டமான பரப்பு ஒன்று வேண்டும். கிரானைட் மதுரையில் எங்கும் புழங்குவதால், சமையல் மேடை போடும்போது மிஞ்சும் ஒன்றரை அடி மெருகேற்றிய துண்டு ஒன்றைத் தளத்தில் வைத்துக்கொள்வது எளிது. அது கிடைக்காத இடத்தில் 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி போதும்.

கோடு விழுகிறது

கோடு என்று எல்லாரும் ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. திடீரென்று தொடங்கி, ஒரு சாணுக்குள் முடிந்துவிடும் பள்ளக்கோடு மணல் பரல் இழுபடுவதால் வருவது. கோட்டின் முடிவில் அந்தப் பரல் பெரும்பாலும் சிக்கிக்கொண்டிருக்கும். விரலால் எடுத்தே பார்த்துவிடலாம். இதற்கும் கரண்டிக்கும் தொடர்பில்லை.

இழுப்பு முழுவதும் தொடர்ந்து வரும் கோடு, தகட்டின் நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால், விளிம்பில் சொட்டை இருக்கிறது அல்லது பட்டையைத் தகட்டோடு இணைக்கும் ரிவிட் ஆணியின் தலை தகட்டின் முகத்தில், அதாவது சுவரில் படும் பக்கத்தில், துருத்திக்கொண்டிருக்கிறது. தகட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கட்டைவிரல் நகத்தை முகத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாததும் நகத்துக்குத் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, புதிய தகடு கத்தியைப் போல் அறுத்துவிடும். சிறிய சொட்டை தேய்ந்து போகும். ரிவிட் துருத்தல் தேய்ந்து போகாது: அதை அரம் போட்டு மட்டமாக்கினால் ரிவிட்டின் தலை மெலிந்து சில மாதங்களில் பிடிப்பு விட்டுவிடும் என்பதால், அப்படிப்பட்ட கரண்டியைத் திருப்பிக் கொடுப்பதே சரி. பட்டையை ரிவிட்டுக்குப் பதிலாகப் புள்ளிப் பற்றவைப்பால் தகட்டோடு இணைத்த கரண்டிகளில் முகத்தில் வட்ட வட்டமான சிறு குழிகள் தெரிவதுண்டு. வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்துப் பார்த்தால் அவை புலப்படும். சிமெண்ட் பூச்சில் அவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. வண்ணம் அடிக்குமுன் சுவரில் மெல்லியதாக இழுக்கும் பட்டி வேலையில் தரும்.

மூன்றாவது வகையில் கோடு தகட்டின் இரு ஓரங்களிலோ ஓர் ஓரத்திலோ விழும். புதிய கரண்டியில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் இது குறையே அல்ல. தகடு வெட்டும்போது வந்த பிசிறும், தேயாத கூர்மூலைகளும் சேர்ந்து ஈரப்பூச்சை அறுக்கின்றன. இதற்குத் தண்ணீர் நனைத்த 220 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) கிரானைட் துண்டின்மேல் விரித்து, தகட்டின் முகத்தைப் படியவைத்து நான்கைந்து முறை இழுத்துவிட்டு, பிறகு விளிம்பைச் சற்றே சாய்த்து நான்கு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். நான்கு மூலைகளையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிட வேண்டும். அதற்கு மேல் உருட்டினால் சுவர் மூலையில் கரண்டி ஒட்டாது. கடைசியில் 400 எண் தாளில் ஒருமுறை இழுத்தால் போதும்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. புதிய கரண்டியை முதல் மூன்று நான்கு நாள் வெளிச்சுவரின் முதல் கைப் பூச்சில் மட்டும் ஓட்டுங்கள். வெளிப்பூச்சை 20 மி.மீ. கனத்தில் இரண்டு கையாகப் போடும்போது உள்ளே மறைந்துவிடும் முதல் கையில் கோடு விழுந்தால் இழப்பில்லை, கலவையே தகட்டைத் தீட்டிக் கொடுத்துவிடும். நல்ல தகடு இப்படிப் பழகிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். பழைய கொத்தனார்கள் தங்கள் தேய்ந்த கரண்டியை இரவல் கொடுக்க மறுப்பதன் காரணம் இதுவே.

வாட்டர் பேப்பரில் இழுத்த பிறகும் இரு ஓரக்கோடுகள் மறையவில்லை என்றால், அடுத்த அறிகுறியில் சொல்லப்படும் குழிவைச் சந்தேகிக்க வேண்டும்.

சுவர் அலை அலையாக வருகிறது, தகட்டின் நடுப்பகுதி சுவரில் படவில்லை

கரண்டியின் முகத்தைக் கிரானைட் துண்டின்மேல் படியவைத்து, கண்ணைத் துண்டின் மட்டத்துக்கு இறக்கி, எதிர்ப்பக்கம் வெளிச்சம் இருக்குமாறு பாருங்கள். நடுப்பகுதி படிந்து, இரு முனைகள் மட்டும் மிகச் சிறிதளவு தூக்கியிருந்தால் அது குறையல்ல. தகட்டுக்கு அந்த மெல்லிய வளைவு இருப்பதால்தான் இழுக்கும்போது முனை பூச்சுக்குள் புகாமல் வழுக்கிச் செல்கிறது. கை அழுத்தும்போது தகடு தானாகவே மட்டமாகிவிடும். எவ்வளவு தூக்கல் இருக்கலாம் என்பதற்கு நான் தாளைக் கொண்டு அளக்கிறேன்: நகலெடுக்கும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதால், முனையின் அடியில் ஐந்து தாள் வரை நுழைவதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு மேல் நுழைந்தால் வாங்குவதில்லை.

இதற்கு நேர்மாறாக ஓரங்கள் படிந்து நடுப்பகுதி தூக்கியிருந்தால், அதாவது முகம் குழிந்திருந்தால், ஒரு தாள் அளவானாலும் அந்தக் கரண்டி வேண்டாம். பட்டையின் நடுவில் விரலால் அழுத்தும்போது டொக்கென்று உள்வாங்கி, விட்டதும் மறுபடி டொக்கென்று எழும்பினால் அதுவும் குழிவுதான். டின் மூடி அமுங்கி எழுவதைப் போல இருக்கும். குழிந்த தகட்டின் இரு ஓரங்களும் பூச்சில் இறங்கி உழுதுகொண்டே போகும், நடுவில் கலவை தேங்கி மேடாகும், அடுத்த இழுப்பில் அந்த மேட்டை அழுத்த முயலும்போது பக்கத்தில் இன்னொரு மேடு எழும். திருநகரில் நடந்தது இதுவே. தகட்டைக் கையால் வளைத்துச் சரிசெய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். இருபுறமும் ஒரே அளவாக அப்படி வளைத்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்து முறுக்கலைப் பார்க்க வேண்டும். கரண்டியைத் துண்டின்மேல் வைத்து, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றித் தட்டினால், ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுவதைப் போல ஆடக் கூடாது. லேசான முறுக்கலும் தேய்ந்து சரியாவதில்லை. ஒரு மூலை மட்டும் சீக்கிரம் தேய்ந்து, தகடு கோணலாகிவிடும்.

தகடு மட்டமாக இருந்தும் சுவரில் நெருக்கமான சிற்றலைகள், அதாவது துணி துவைக்கும் கல்லின் வரிகளைப் போன்றவை வந்தால், தகட்டின் கனம் வேலைக்குப் பொருந்தவில்லை. ஹார்டுவேர் கடைகளில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 20 கேஜ் என்பது 0.914 மி.மீ., 22 கேஜ் 0.711 மி.மீ., 24 கேஜ் 0.559 மி.மீ. சிமெண்ட் பூச்சுக்கு 20 அல்லது 22 கேஜ் கரண்டியும், பட்டிக்கும் ஜிப்சம் பூச்சுக்கும் 24 கேஜ் கரண்டியும் என் கைக்கு ஒத்துவருகின்றன. மெல்லிய தகட்டைக் கெட்டியான சிமெண்ட் கலவையில் போட்டு அழுத்தினால் அது துள்ளிக்கொண்டே போகும், கனமான தகட்டைப் பட்டியில் போட்டால் சுவரின் சிறு மேடுபள்ளங்களுக்கு வளைந்துகொடுக்காது. இரண்டுமே தவறான தேர்வின் விளைவுகள், தகட்டின்மீது குற்றமில்லை. முதுகுப்பட்டை தகட்டின் நீளத்தில் பாதியளவே இருந்தாலும் முனைகள் இப்படித் துள்ளும். 12 அங்குலத் தகட்டுக்கு 8 அங்குலத்துக்குக் குறையாத பட்டை இருக்கிறதா என்று கடையிலேயே அளந்துவிடலாம்.

அழுத்தும்போது கிறுகிறுவென்று ஒலி வருகிறது

கைப்பிடியை இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, தகட்டை நகத்தால் சுண்டுங்கள். இணைப்பு உறுதியாக இருந்தால் ஒலி கணீரென்று எழுந்து மெல்ல அடங்கும். ஒலியோடு சேர்ந்து ஓர் அதிர்வுச் சலசலப்பு கேட்டால் ஏதோ ஒரு ரிவிட் தளர்ந்திருக்கிறது. எது என்று அறிய, ஒவ்வொரு ரிவிட்டின் அருகிலும் விரலை அழுத்திக்கொண்டு சுண்டிப் பாருங்கள். எந்த ரிவிட்டை அழுத்தும்போது சலசலப்பு நிற்கிறதோ அதுதான். சந்தேகமாக இருந்தால் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுத் தகட்டை வளைத்துப் பார்க்கலாம். தளர்ந்த இடத்தில் நுரை குமிழிட்டு மூச்சுவிடும். இது தேய்ந்து சரியாகிற குறையல்ல, நாளுக்கு நாள் வளர்கிற குறை. சிமெண்ட் பால் அந்த இடுக்கில் புகுந்து இறுகி, தகட்டை உள்ளிருந்தே தள்ளி முகத்தை மேடாக்கிவிடும்.

கைப்பிடி மட்டும் சுழன்றால் அது வேறு குறை. மரக்கைப்பிடியாக இருந்து, வெயிலில் கிடந்து மரம் சுருங்கியிருந்தால், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் தற்காலிகமாக இறுகும். புதிதாக வாங்கியபோதே சுழன்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் துருக்கறை, அல்லது தகட்டில் ஒரே இரவில் செம்பொடி

மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில்தான் கருவிகளைக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் வைத்த கார்பன் ஸ்டீல் தகடு மறுநாள் காலையில் துருப்பிடித்திருந்தால் அது தகட்டின் குறையல்ல, அந்த உலோகத்தின் இயல்பு. கார்பன் ஸ்டீல் நன்றாகக் கூர்படும், நன்றாக வளைந்து நிமிரும். அதற்கு விலையாகத் துடைத்து, தேங்காய் எண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவி வைக்கும் உழைப்பைக் கேட்கும். சிமெண்ட் பூச்சுக்கு அது போதும். பட்டி, ஜிப்சம், காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் புதுப்பிக்கும் சுண்ணாம்புப் பூச்சு போன்ற வெள்ளை வேலைகளுக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்ற தகடு துருப்பிடித்தால்தான் கேள்வி எழுகிறது. அப்போது பெரும்பாலோர் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்க்கிறார்கள்; ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த முடிவு இரண்டு பக்கமும் தவறு. 410, 420 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆனாலும் வெப்பப் பதம் கொடுத்துக் கடினமாக்க முடிவதால் தேய்மானத்தைத் தாங்கும் தகடுகளுக்கு அவை பொருத்தமானவை. மறுபக்கம், பாத்திரங்களுக்குப் புழங்கும் 202 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. துருவை எதிர்ப்பதில் அது 304 வகையைவிடக் குறைந்தது. ஆகவே காந்தம் எந்த வகை என்பதற்குத் துப்புக் கொடுக்கும், தரத்துக்குச் சான்று கொடுக்காது. அதைவிட நம்பகமானது உப்புச் சோதனை: கைப்பிடிப் பக்க மூலையில், உப்புத் தண்ணீரில் நனைத்த சிறு துணித் துண்டை ஓர் இரவு ஒட்டி வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். மேலாகத் துடைத்தால் போகிற மஞ்சள் நிழல் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நகத்துக்குத் தட்டுப்படும் புள்ளிக்குழிகள் வந்திருந்தால் அந்தத் தகடு வெள்ளை வேலைக்கு ஆகாது.

தகடு சுத்தமாக இருந்தும் சுவரில் கறை வந்தால் ரிவிட்டையும் பட்டையையும் பாருங்கள். தகட்டை மட்டும் நல்ல உலோகத்தில் செய்துவிட்டு, ரிவிட்டைச் சாதாரண இரும்பில் அடித்த கரண்டிகள் உண்டு. அலுமினியப் பட்டையாக இருந்தால் துரு வராது. ஆனால் ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும், அரித்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதைக் கண்டால் கரண்டியைக் குறை சொல்லாமல் கழுவும் பழக்கத்தை மாற்ற வேண்டும்: மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போதும் கழுவிவிட்டே இறங்க வேண்டும்.

வெள்ளைப் பூச்சில் கருநிழல் படிகிறது

இது துருவல்ல. பூச்சு இறுகிய பிறகும் மெருகு வர வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால், தகட்டின் உலோகம் பென்சிலைப் போலச் சுவரில் தேய்ந்து படிகிறது. கடைசி இழுப்பைச் சற்று முன்னதாக, மேற்பரப்பில் ஈரம் மினுங்கும்போதே முடித்தால் நின்றுவிடும். நேரத்தைச் சரியாகப் பிடித்தும் நிழல் படிந்தால் தகடு மிருதுவான உலோகம் என்று கொள்ளலாம். சிமெண்ட் பூச்சிலும் அளவுக்கு மீறித் தேய்ப்பது நல்லதல்ல: சிமெண்டின் நுண்பொடி மேலே ஏறி, காய்ந்ததும் சிலந்தி வலை போல விரிசல் விழும். அந்த விரிசலுக்குக் கரண்டியின்மேல் பழி போடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கலவை தகட்டில் ஒட்டிக்கொண்டு சுவரிலிருந்து பெயர்ந்து வருகிறது

புதிய தகட்டின்மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயோ வார்னிஷோ இருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புத் தூளால் கழுவுங்கள். கழுவிய தகட்டின்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவி நின்றால் பூச்சு போய்விட்டது என்று அறியலாம். அதன் பிறகும் ஒட்டினால், முகத்தில் குறுக்குவாட்டில் சாணைக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, முன்சொன்ன வாட்டர் பேப்பர் முறையில் நீளவாக்கில் தேய்த்துவிட வேண்டும்.

மூலை மடங்குகிறது, வளைந்த தகடு நிமிரவில்லை

ஒரு பலகையில் தகட்டின் முனையை ஊன்றி, முனை ஒரு விரற்கடை வளையும்வரை மெதுவாக அழுத்தி விடுங்கள். பதம் போட்ட எஃகு உடனே பழைய நிலைக்குத் திரும்பும். சிறிதளவாவது வளைந்தபடி நின்றால் அது பதம் போடாத மிருதுத் தகடு. எந்தப் பழக்கத்தாலும் அதற்குக் கடினம் வராது. கடையில் இந்தச் சோதனையைச் செய்யுமுன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது

கரண்டியை மேலிருந்து நேர்குத்தாகப் பார்த்தால் கைப்பிடியின் நடுக்கோடும் தகட்டின் நடுக்கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், தகட்டை மட்டமாக வைக்க மணிக்கட்டு நாள் முழுவதும் திருகிக்கொண்டே இருக்கும். இது தேய்ந்து சரியாகாது. அடுத்து, கைப்பிடியைப் பற்றிய நிலையில் விரல்மூட்டுகள் பட்டையில் உரசக் கூடாது. விரல் தடித்தவருக்கும் மெலிந்தவருக்கும் இந்த இடைவெளி வேறுபடும் என்பதால், பத்துப் பேருக்கு ஒரே மாதிரி கரண்டியை மொத்தமாக வாங்கிவந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூசுகிறவரையே கடைக்கு அழைத்துப் போக வேண்டும். மேல்தளத்தின் அடிப்பூச்சு செய்கிறவர் எடையையும் பார்க்க வேண்டும்: கைப்பிடிக்குக் கீழே, பட்டையின் நடுவில் ஒரு விரலை வைத்துத் தாங்கினால் கரண்டி முன்னும் பின்னும் சாயாமல் நிற்பது நல்ல அமைப்பு.

சிமெண்ட் பட்ட கரண்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே மட்டம், முறுக்கல், ரிவிட் ஒலி, முனை வளைவு, கைப்பிடி நேர் ஆகிய ஐந்தையும் தகடு உலர்ந்திருக்கும்போதே, வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். உப்புச் சோதனை தகட்டில் அடையாளம் வைத்துவிடும் என்பதால், மொத்தமாக வாங்கும்போது ஒரு கரண்டியில் மட்டும் அதைச் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பணம் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் முன்பே பேசிக்கொள்வது என் வழக்கம்.